நாலு பேரில் மூன்று பேர்

"இருமல் யாருக்குத்தான் இல்ல?" என்று டாக்டரம்மா காதுபட யாராவது சொல்லிவிட்டால் அன்றைய பொழுது கெட்டது. சொன்னவர் பட்டறை முதலாளியானாலும் சரி, பெரிய டாக்டரானாலும் சரி, விட மாட்டார். குரலை உயர்த்தாமல், "எல்லாருக்கும்தான் இருக்கு. யாருக்கு எவ்வளவு இருக்குன்னு என்னிக்காவது எண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்பார். பதில் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். எதிரே நிற்பவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மேல்துண்டைச் சரிசெய்வார். பக்கத்தில் நிற்கும் எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருக்கும்.

நாங்கள் அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். அறுபதுகளின் கடைசியில் மெட்ராஸிலிருந்து காஞ்சிபுரம் வந்தவர். நாற்பது வயதைத் தாண்டியவர், ஒல்லியானவர், எப்போதும் யார்மீதாவது கோபத்தில் இருப்பவர். நான் அப்போது சுகாதாரத் துறையில் கீழ்மட்ட ஊழியன். பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவன். எந்தச் சந்தில் யார் தறி போட்டிருக்கிறார், எந்த வீட்டுப் பின்கட்டில் சாயப்பட்டறை ஓடுகிறது என்பதெல்லாம் தெரியும் என்பதால் அவரோடு போகச் சொன்னார்கள். ஐந்தாறு வருஷம் அவர் பின்னால் சைக்கிள் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

அவர் எடுத்துக்கொண்ட வேலை கேட்பதற்குச் சுலபமானது. சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஆண்கள் ஒரு கூட்டம், அதே தெருக்களில் தறியில் உட்காரும் ஆண்கள் இன்னொரு கூட்டம். இரண்டிலும் நெஞ்சு நன்றாக இருப்பவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு வருஷா வருஷம் அதே ஆட்களைப் போய்ப் பார்த்து, யாருக்கு மூச்சிறைப்பும் விடாத இருமலும் புதிதாக வந்திருக்கிறது என்று ஆளுக்கு ஓர் அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும். சளியைச் சோதித்து, காசநோய்க்காரர்களைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் வாரமே நான் திட்டு வாங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரு சாயக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாமல் இருமுகிற ஆள். இவரைவிடச் சாட்சி வேறு வேண்டுமா என்று நினைத்தேன். டாக்டரம்மா அவர் நெஞ்சைப் பார்த்தார், மருந்து எழுதினார், ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கொடுத்தார். கூட்டத்தில் மட்டும் சேர்க்கவில்லை. அவர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏற்கெனவே இருமுறவனைக் கூட்டிட்டு வந்தா, பட்டறைக்கு வரும்போதே இருமிக்கிட்டுதான் வந்தான்னு சொல்லிடுவாங்க. நல்லா இருக்கிறவனைக் கொண்டா. அவன் கெட்டுப்போறானான்னுதான் நாம பாக்கணும்."

அந்த வார்த்தை எனக்குச் சுட்டது. நல்லா இருக்கிறவனைக் கொண்டுவந்து நிறுத்தி, அவன் கெட்டுப்போகிறானா என்று உட்கார்ந்து பார்ப்பதா? கேட்டேவிட்டேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. "நாம பாக்கலேன்னாலும் அவன் நாளைக்கு அங்கதான் போவான். நாம பாக்கலேன்னா அது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்" என்றார்.

பட்டறை என்றால் பெரிதாக எதுவும் இல்லை. தாழ்ந்த ஓட்டுக் கூரை, ஒரே வாசல், விறகடுப்பின்மேல் செம்பு அண்டாக்கள். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை நீக்குவார்கள். பிறகு கொதிக்கும் சாயத்தில் அமிலத்தை ஊற்றி, கழியில் சிட்டம் சிட்டமாகத் தொங்கும் நூல் கத்தைகளைக் கையால் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். விறகுப் புகையும் அமில ஆவியும் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றும். சாயப்பொடி காற்றில் பறக்கும். சாயங்காலம் அந்த ஆட்கள் துப்பினால் எச்சில் அன்று போட்ட சாயத்தின் நிறத்தில் இருக்கும். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு.

இரண்டாம் வருஷம் அவருடைய கோபத்தை முழுசாகப் பார்த்தேன். ஒரு சாயக்காரர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவருடைய அட்டையில் 'ஊரை விட்டுப் போனார்' என்று எழுதி ஓரமாக வைத்தேன். அப்படி இன்னும் சிலர் இருந்தார்கள். டாக்டரம்மா அந்த அட்டைகளை எடுத்து என் முன்னால் போட்டார்.

"போனான்னு எழுதியிருக்கே. ஏன் போனான்?"

தெரியாது என்றேன்.

"முடியாதவன்தான்பா முதல்ல போவான். அவனை விட்டுட்டு, இன்னும் திடமா நிக்கிறவனை மட்டும் எண்ணினா, சாயப்பட்டறையைப் போல ஆரோக்கியமான இடம் உலகத்துல இல்லேன்னு வந்துடும். முதலாளிக்கு நீயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

மறுநாள் வந்தவாசிப் பக்கம் பஸ் ஏறினோம். இறங்கி வரப்பில் வெகுதூரம் நடந்தோம். அந்த ஆள் வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படுக்க முடியாது, படுத்தால் மூச்சு அடைக்கும். எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தார். டாக்டரம்மா அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்து, நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். நாங்கள் கிளம்பும்போது அந்த ஆள், "பட்டறையில ஒருத்தரும் தேடலமா. நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டார். திரும்பும் பஸ்ஸில் டாக்டரம்மா அவருடைய அட்டையை எடுத்து, நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டார். அதன்பிறகு ஊரை விட்டுப் போனவர்கள் ஒவ்வொருவரையும் நாங்கள் தேடிப் போனோம். ஒருவரைக்கூட விட அவர் சம்மதிக்கவில்லை.

என் அக்காவின் புருஷனும் அந்தச் சாயக்காரர் கூட்டத்தில் இருந்தார். நான்தான் சேர்த்தேன். சேரும்போது மாமாவின் நெஞ்சு கணீரென்று இருந்தது. கொஞ்சம் பீடி குடிப்பார், நிறையச் சிரிப்பார். ஒவ்வொரு வருஷமும் டாக்டரம்மாவைப் பார்த்ததும், "இன்னும் சாவலமா, எழுதிக்கோங்க" என்று சொல்லி அவரைச் சிரிக்கவைத்த ஒரே ஆள் அவர்தான். மூன்றாம் வருஷம் இருமல் வந்தது. நாலாம் வருஷம் படியேற முடியவில்லை. சளியில் காசநோய் இல்லை. அக்கா ராட்டையில் பட்டு நூல் சுற்றிக் கூலி வாங்குகிறவள். அதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் துப்பியதில் சிவப்பைப் பார்த்துப் பயந்தபோது, "அரக்கு சாயம்டீ, நேத்து போட்டது" என்று மாமா சொல்லியிருக்கிறார். அப்போது அவர் பட்டறைக்குப் போவதையே நிறுத்தி மாசக்கணக்கு ஆகியிருந்தது. அக்காவுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியாதது போல இருந்தாள். ஆடி மாசத்தில் அவர் போய்விட்டார். இரண்டு பெண் குழந்தைகள்.

சாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் அக்காவுக்காகப் பட்டறை முதலாளியிடம் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார்கள். விசாரணைக்கு டாக்டரம்மாவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். எங்கள் தெருவே அங்கே போய் நின்றது. இத்தனை வருஷம் கணக்கெடுத்த அம்மா வாயைத் திறந்தால் முடிந்தது என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

முதலாளியின் வக்கீல் மரியாதையான ஆள். ஒரே ஒரு கேள்விதான் என்றார். இந்த மனிதர் பீடி குடித்தவர். இவர் சாயப்பட்டறைப் பக்கமே போகாமல் இருந்திருந்தால் இந்த நோய் வந்திருக்காது என்று டாக்டர் சத்தியமாகச் சொல்ல முடியுமா?

"முடியாது" என்றார் டாக்டரம்மா.

வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்காரப் போனார். எனக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது.

"உக்காராதீங்க. நான் இன்னும் முடிக்கல" என்றார் டாக்டரம்மா.

அன்று அவர் சொன்ன சரியான எண்கள் இப்போது எனக்கு நினைவில்லை. எங்களுக்கு விளக்கும்போது ஒரு பேச்சுக்கு என்று சொல்லும் உதாரணம் நினைவிருக்கிறது. அங்கேயும் அதைத்தான் முதலில் சொன்னார். தறிக்காரர் நூறு பேரில் பத்துப் பேருக்கு இந்த நோய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காலத்தில் சாயக்காரர் நூறு பேரில் நாற்பது பேருக்கு வருகிறது. பட்டறையே இல்லாவிட்டாலும் அந்த நாற்பதில் பத்துப் பேருக்கு வந்திருக்கும். அதைப் பட்டறைமேல் போட முடியாது, போடக் கூடாது. மிச்சம் முப்பது பேருக்குப் பட்டறைதான் காரணம். அதாவது, நோய் வந்த நாலு சாயக்காரரில் மூன்று பேருக்கு. பீடி என்று சொன்னீர்களே, பீடி குடிக்கிற சாயக்காரரைப் பீடி குடிக்கிற தறிக்காரரோடும், குடிக்காதவரைக் குடிக்காதவரோடும்தான் ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்படிப் பார்த்தாலும் சாயக்காரர் பக்கம்தான் அதிகம். ஆனால் அந்த மூன்று பேர் யார், நாலாவது ஆள் யார் என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது. நாலு பேரும் ஒரே மாதிரிதான் இருமுகிறார்கள்.

விசாரித்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இங்கே இருப்பது நாலு பேருடைய வழக்கு இல்லை அம்மா, ஒருவருடைய வழக்கு என்றார்.

"நாலு பேரும் தனித்தனியாத்தான் சார் உங்ககிட்ட வருவாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்க இதையே சொல்லி அனுப்புவீங்க. கடைசியில மூணு பேர் செத்ததுக்கு யாருமே காரணம் இல்லேன்னு ஆயிடும்."

முதல் பதிலை மட்டும்தான் எழுதிக்கொண்டார்கள். மனு தள்ளுபடி ஆனது. 'முடியாது' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருந்த அத்தனையையும் காதில் விழாதது போலத் தள்ளிவிட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் யோக்கியதை அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அதை வைத்தே அவரைத் தோற்கடித்தார்கள்.

அப்போது எனக்கு டாக்டரம்மாமேல்தான் அதிகக் கோபம். அக்காவுக்கு என்னைவிட அதிகம். மறுநாள் காலையில் நாங்கள் வேலை பார்க்கும் வாடகை அறைக்கு நேராக வந்துவிட்டாள். டாக்டரம்மா எழுந்து நாற்காலியைக் காட்டினார். அக்கா உட்காரவில்லை.

"ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டா இன்னாமா கொறஞ்சி பூட்டுது உனக்கு?"

டாக்டரம்மாவை அதுவரை யாரும் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

"தெரியாததை எப்படிம்மா தெரியும்னு சொல்றது?"

"எனக்குத் தெரியும். அது எங்கேந்து வந்துச்சுன்னு, கூடவே குடும்பம் பண்ணவ எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். உங்கள் வீட்டுக்காரருக்கு ஆமாம் என்று சொன்னால் அடுத்த ஆளைக் காட்டிக் கேட்பார்கள். அவருக்கும் ஆமாம் என்று சொல்ல வேண்டும். நாலாவது ஆளுக்கும் ஆமாம் என்று சொல்லும்போது நான் பொய் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பிறகு அந்த மூன்று பேருக்கும் எதுவும் கிடைக்காது.

அக்கா கேட்டுக்கொண்டாள். "எனக்கு நாலு பேரைத் தெரியாதுமா. ஒருத்தரைத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "உங்க அக்கா கேட்டதும் அந்த வக்கீல் கேட்டதும் ஒரே கேள்விதான்பா. இந்த ஒருத்தருக்கு வந்தது பட்டறையாலதானா? அவங்க கேட்டா நியாயமா இருக்கு. அவன் கேட்டா அயோக்கியத்தனமா இருக்கு. பதில் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். என்னால தாங்க முடியல."

ஆனால் அவர் அதோடு விடவில்லை. நஷ்டஈடு கேட்டால்தானே எந்த ஆளுக்கு என்று காட்டச் சொல்கிறார்கள். இனி அதைக் கேட்காதீர்கள் என்று சங்கத்துக்காரர்களிடம் சொன்னார். பட்டறையை மாற்றச் சொல்லுங்கள். கூரையை உயர்த்த வேண்டும், புகைபோக்கி வைக்க வேண்டும், எதிர் எதிராக ஜன்னல் திறக்க வேண்டும். அதற்கு யார் பெயரும் தேவையில்லை, எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும். அதற்கான அறிக்கையை அவரே எழுதினார். நல்ல நெஞ்சோடு உள்ளே போனவர்களில் எத்தனை பேர் கெட்டார்கள், எத்தனை பேருக்குப் பட்டறை காரணம், புகையை வெளியேற்றினால் இனி எத்தனை பேர் தப்பலாம் என்று எல்லாம் இருந்தது.

முதலாளிகள் அந்த அறிக்கையை முழுசாகப் படித்தார்கள். எங்கே கை வைத்தால் அது சரியும் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. 'நல்ல நெஞ்சோடு உள்ளே போனவர்கள்' என்ற இடத்தில் கை வைத்தார்கள். அந்த ஆட்களுக்கெல்லாம் பட்டறையில் சேரும் முன்பே இருமல் இருந்தது, டாக்டரிடம் அதை மறைத்துவிட்டார்கள் என்று வீட்டுப் பெண்களிடம் எழுதி வாங்க ஆள் அனுப்பினார்கள். சிலர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு ராட்டை சுற்றப் பட்டு கொடுப்பதும் கூலி கொடுப்பதும் அதே முதலாளிகள்தான். அந்தப் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அக்கா வீட்டுக்கும் முதலாளியின் கணக்குப்பிள்ளை ஒருவர் வந்தார். அவள் மறுபடி ராட்டை சுற்ற ஆரம்பித்திருந்தாள், நான் அப்போது அங்கே இருந்தேன். அவர் எழுதி வந்த காகிதத்தை நீட்டி, தணிந்த குரலில்தான் பேசினார். அந்த டாக்டர் உனக்கு என்ன செய்தார், எல்லார் எதிரிலும் கைவிட்டுவிட்டுப் போனவர்தானே, முதலாளி அப்படி இல்லை, உனக்கு விடாமல் பட்டு வரும், பெண்களின் கல்யாணத்துக்கும் பார்த்துக்கொள்வார் என்றார். அக்கா கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். விசாரணைக்குப் பிறகு டாக்டரம்மாவின் பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து போய்விடுவாள்.

அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் அவளுக்கு. மாமாவின் பெயர் வரும் இடத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"செத்தவருக்காக ஒரு பொய் சொல்லுன்னு அந்தம்மாகிட்ட நின்னேன். சொல்லல. உங்களுக்காக நான் சொல்லணுமா?"

அந்த மாசத்திலிருந்து அவளுக்குப் பட்டு வருவது நின்றது. சின்ன காஞ்சிபுரம்வரை நடந்துபோய், வேறு ஆட்களிடம் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

நடந்ததை டாக்டரம்மாவிடம் சொன்னேன். கண் கலங்குவார் என்று நினைத்தேன். "உங்க அக்கா என்னை மன்னிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மன்னிக்க வேணாம்னு சொல்லு" என்றார்.

அக்காவைப் பார்த்து இன்னும் சிலர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். போட்ட இருவர் வந்து, வற்புறுத்தி வாங்கினார்கள் என்று சொன்னார்கள். அறிக்கை நின்றது. உத்தரவு வந்தது. சில பட்டறைகளில் கூரை உயர்ந்தது, புகைபோக்கி வந்தது. சிலவற்றில் அதிகாரி வரும் நாளில் மட்டும் ஜன்னல் திறந்தது. நஷ்டஈடு யாருக்கும் கிடைக்கவில்லை. உத்தரவு வந்த கொஞ்ச நாளில் டாக்டரம்மாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவர் பின்தொடர்ந்து வந்த அத்தனை ஆட்களையும் அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். அந்த அட்டைகள் எந்த அறையில் செல்லரித்தன என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தேன், யாரும் சொல்லவில்லை.

பிறகு பல வருஷம், புகைபோக்கி வைத்த பட்டறை வழியாகப் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். சாயங்காலம் ஆட்கள் வெளியே வருவார்கள். கையெல்லாம் சாயம், வாயில் பீடி, ஏதாவது பேசிச் சிரித்துக்கொண்டு டீக்கடைக்குப் போவார்கள். அவர்களில் யாரோ சிலர் டாக்டரம்மாவால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். யார் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செத்தவனையும் காட்ட முடியவில்லை, பிழைத்தவனையும் காட்ட முடியவில்லை. அதனால்தான் அவருக்கு இந்த ஊரில் ஒரு மாலை விழவில்லை. மாலை வாங்கியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

ஊரை விட்டுப் போகும் நாளில், என்னோடு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தவர், திடீரென்று உங்கள் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அக்கா கூடத்தில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா வாசற்படியிலேயே நின்றார்.

"நான் போறேன்மா. அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு இன்னிக்கும் என்கிட்ட பதில் இல்ல. அதைச் சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

ராட்டை சுற்றிக்கொண்டிருந்தது. நூல் அறுந்தது, அக்கா அதை நாக்கில் நனைத்து முடிந்தாள். பிறகு தலை நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"நாலாவது ஆளுன்னு சொன்னியே, எப்டியும் இருமியிருப்பான்னு. அவன் பொண்டாட்டியும் என்னைப் போலத்தான உக்காந்திருப்பா? அவளுக்கு யாருமா பதில் சொல்றது?"

டாக்டரம்மா உள்ளே வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நேரமாகிறது, பஸ் போய்விடும் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை.